மட்டன் பெரட்டலுக்கு எந்தச் சிவப்பு ஒயின்? நான்கு ஓக் ஒயின்கள், ஒரு சட்டி கறி

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தபோது பினாங்கிலிருந்து தங்கை கணவர் அழைத்தார். பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு பேரங்காடியில், ஒயின் அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். "மச்சான், தீபாவளி ராத்திரி அப்பா, பெரியப்பா குடும்பமெல்லாம் வீட்டுக்கு வர்றாங்க. மட்டன் பெரட்டல்தான் முக்கியம். பெரியப்பாவுக்கு ஓக் மரப் பீப்பாய் வாசனை இருக்கிற சிவப்பு ஒயின்னா ரொம்பப் பிடிக்கும். நாலு பாட்டில் எடுத்து வெச்சிருக்கேன், எதை வாங்கறதுன்னு தெரியல" என்றார். படமும் வந்தது. ஸ்பெயினின் ரியோஹா கிரியான்சா, ஆஸ்திரேலியாவின் பரோசா ஷிராஸ், அர்ஜென்டினா மால்பெக், சிலி நாட்டுக் கேபர்னே சோவினியோன்.

இதே கேள்வியை வேறு வேறு ஆட்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மாமனாருக்கு வாங்கிக் கொடுக்க, பிறந்தநாள் விருந்துக்கு, கிறிஸ்துமஸுக்கு என்று காரணம்தான் மாறும். கடையில் கேட்டால் பாட்டிலின் பின்பக்கம் அச்சடித்திருப்பதைப் படித்துக் காட்டுவார்கள்: மாட்டிறைச்சி ஸ்டேக், முதிர்ந்த சீஸ். நம்மில் பல வீடுகளில் இரண்டுமே கிடையாது. வத்தல் மிளகாய், மிளகு, கிராம்பு, பட்டை, தேங்காய், புளி என்று போகும் சமையலுக்கு அந்தக் குறிப்பு உதவாது.

அதனால் அதே நான்கு வகையிலும் ஒவ்வொரு பாட்டில் வாங்கினேன். கோலாலம்பூரின் செந்தூலில் எங்கள் வீட்டில் ஒரு சனிக்கிழமை இரவு, ஒரே சட்டி மட்டன் பெரட்டலோடு நான்கு பேர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குடித்துப் பார்த்தோம். அன்று கண்டதும், இத்தனை வருடத்தில் படித்துத் தெரிந்துகொண்டதும் சேர்ந்ததுதான் இந்த ஒப்பீடு.

## எதை வைத்து அளப்பது

துவர்ப்பு. சிவப்பு ஒயினில் நாக்கை இழுத்துப் பிடிக்கும் அந்தச் சுவைக்குக் காரணம் டானின். திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிறது. ஓக் பீப்பாயும் கொஞ்சம் சேர்க்கிறது. தே ஓ கொசோங்கை, அதாவது பாலும் சீனியும் சேர்க்காத தேநீரை, பத்து நிமிடம் ஊறவிட்டுக் குடித்துப் பாருங்கள், அதே டானின்தான். எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வாய் வறண்டுபோகிறது. அதே தேநீரில் பாலை ஊற்றித் தாரிக் ஆக்கினால் துவர்ப்பு அடங்கிவிடும், ஏனென்றால் டானின் இப்போது பாலின் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆட்டிறைச்சியின் புரதமும் கொழுப்பும் ஒயினுக்கு இதே வேலையைச் செய்கின்றன. உப்பும் துவர்ப்பைத் தணிக்கும். ஆனால் மிளகாய் எரிகிற வாயில் துவர்ப்பும் வறட்சியும் சேர்ந்தால் இரண்டு மடங்காகத் தெரியும்.

ஆல்கஹால். நம் மேசையில் இதுதான் முதல் கவனம் பெற வேண்டிய எண். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின், உடம்பில் சூட்டை உணரும் ஒரு நரம்பு உணரியைத் தூண்டுகிறது. சூடே இல்லாமல் எரிகிறது என்று வாய் நினைப்பது அதனால்தான். ஆல்கஹாலும் அதே உணரியைத் தட்டுகிறது. 15 சதவிகித ஒயினைக் காரக் குழம்பின் மேல் குடிப்பது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவதுதான். பாட்டிலில் அந்த எண் அச்சடித்திருக்கும்; வாங்கும் முன் பாருங்கள்.

ஓக். ஓக் மரப் பீப்பாயில் ஒயினை வைப்பதால் இரண்டு காரியம் நடக்கிறது. மரத்தின் வழியாக மிக மெதுவாகக் காற்று பட்டு டானின் மென்மையாகிறது. மரத்தின் வாசனையும் இறங்குகிறது. என்னென்ன வாசனை என்று பார்த்தால் நமக்குப் பழக்கமான அஞ்சறைப் பெட்டிதான். வனிலின், வெண்ணிலாவின் மணம். யூஜினால், கிராம்பு எண்ணெயில் இருக்கும் அதே பொருள். ஓக் லாக்டோன், தேங்காய் வாசனை. பீப்பாயை உள்ளே நெருப்பில் வாட்டுவதால் புகை மணமும் வரும். அமெரிக்க ஓக்கில் தேங்காய், வெண்ணிலா தூக்கலாக இருக்கும். பிரெஞ்சு ஓக் அடக்கமானது, கிராம்பு, பட்டைப் பக்கம் போகும். பிரெஞ்சு மரத்தை இழையோடு பிளந்துதான் பலகை எடுக்க வேண்டும், இல்லையென்றால் பீப்பாய் கசியும். அமெரிக்க மரத்தை அறுத்தே எடுக்கலாம். மரத்தில் வீணாவது அதிகம் என்பதால் பிரெஞ்சுப் பீப்பாயின் விலை ஏறக்குறைய இரு மடங்கு.

விலை குறைந்த ஒயின்களில் பலவற்றுக்குப் பீப்பாயே கிடையாது. எஃகுத் தொட்டியில் ஓக் துண்டுகளைப் போட்டு ஊறவைப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியமும் 2006-இல் இதை அனுமதித்துவிட்டது. வாசனை வரும், காற்று பட்டு மென்மையாவது அதே அளவில் வராது. வெண்ணிலா மணம் முன்னால் தனியாக நிற்க, பின்னால் துவர்ப்பு முரடாக இருந்தால் பெரும்பாலும் இந்த வகைதான்.

புளிப்பு. புளி, தக்காளி, தயிர் எல்லாம் நம் சாப்பாட்டில் உண்டு. உணவின் புளிப்பைவிட ஒயினின் புளிப்பு குறைந்தால் ஒயின் சப்பென்று ஆகிவிடும்.

பணம். மலேசியாவில் ஒயினுக்கான கலால் வரி பாட்டிலின் விலையைப் பார்ப்பதில்லை, அதில் உள்ள ஆல்கஹால் அளவைப் பார்க்கிறது. ஆகவே விலை குறைந்த பாட்டிலில் வரியின் பங்கு மிகப் பெரியது. நீங்கள் கொடுக்கும் வெள்ளியில் (ரிங்கிட்) திராட்சைக்கும் பீப்பாய்க்கும் போவது கொஞ்சம்தான். கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் அந்தக் கூடுதல் பெரும்பாலும் ஒயினுக்கே போகும். 100 வெள்ளிக்கு மிகவும் கீழே போய்த் தேடுவதைவிட, விருந்துக்கு மூன்று பாட்டிலுக்குப் பதில் இரண்டு நல்ல பாட்டில் வாங்குவது மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

## ரியோஹா

ஸ்பெயினின் வடக்கே எப்ரோ ஆற்றங்கரைப் பகுதி. திராட்சை டெம்பிரானியோ. ஸ்பானிஷ் மொழியில் 'சீக்கிரம்' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர், மற்றவற்றைவிட முன்பே பழுப்பதால். கூடவே கார்னாச்சா, கிராசியானோ, மசுவேலோ கலப்பதும் உண்டு.

இந்த ஊர் ஓக்கோடு ஒட்டிக்கொண்டதற்கு ஒரு பூச்சியும் காரணம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பைலோக்செரா என்ற வேர்ப்பூச்சி பிரான்சின் தோட்டங்களை அழித்தபோது, அந்நாட்டின் போர்டோ வட்டார ஒயின் வணிகர்கள் மலையைத் தாண்டி இங்கே ஒயின் தேடி வந்தார்கள். 225 லிட்டர் பீப்பாயில் முதிரவைக்கும் போர்டோ முறை அந்தக் காலத்தில் இங்கே வேரூன்றியது. ஆனால் ஸ்பெயினுக்கு அமெரிக்காவோடு கடல் வாணிபம் இருந்ததால் மரம் அங்கிருந்து வந்தது. ரியோஹாவின் அந்தத் தேங்காய், வெண்ணிலா மணம் இப்படி வந்ததுதான். இன்று பிரெஞ்சு ஓக் பயன்படுத்துவோரும் நிறைய.

வாங்குபவருக்கு இந்த ஊர் செய்திருக்கும் பெரிய உதவி, முதிர்ச்சியைச் சட்டமாக்கி வைத்திருப்பது. கிரியான்சா என்றால் குறைந்தது 2 வருடம் முதிர்ந்தது, அதில் 1 வருடம் ஓக்கில். ரெசர்வா என்றால் 3 வருடம், அதில் 1 வருடமாவது ஓக்கில். கிரான் ரெசர்வா 5 வருடம், அதில் 2 வருடம் ஓக்கில். பாட்டிலின் பின்னால் ஒட்டியிருக்கும் சிறிய முத்திரையின் நிறத்தைப் பார்த்தாலே போதும்: கிரியான்சா சிவப்பு, ரெசர்வா கருஞ்சிவப்பு, கிரான் ரெசர்வா நீலம். பச்சை முத்திரை இருந்தால் இந்த முதிர்ச்சிக் கணக்கு எதுவும் இல்லை; ஓக்கே படாததாகவும் இருக்கலாம். மச்சான் முதலில் எடுத்த இன்னொரு ரியோஹாவில் பச்சைதான் இருந்தது. முன்பக்கம் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி.

எங்கள் மேசையில் கிரியான்சாதான் சட்டென்று பொருந்தியது. என் மனைவி பெரட்டலில் கடைசியாக வறுத்து அரைத்த தேங்காய் சேர்ப்பார். ஒயினின் ஓக் வாசனை அந்தத் தேங்காயோடு போய் உட்கார்ந்துகொண்டது. துவர்ப்பு நடுத்தரம், ஆல்கஹால் 13.5. காரம் வாயில் இருந்தபோதும் ஒயின் அதை ஊதிப் பெரிதாக்கவில்லை. இரண்டாவது கோப்பையும் முதலாவது போலவே இருந்தது. மற்ற மூன்றிலும் இரண்டாவது கோப்பைக்குள் யாராவது ஒருவர் தண்ணீர் கேட்டுவிட்டோம்.

ரெசர்வா இன்னும் உயர்ந்ததல்லவா, அதை வாங்கலாமே என்று கேட்பார்கள். காரச் சாப்பாட்டுக்கு வேண்டாம். ரெசர்வாவுக்கு நாம் கொடுக்கும் கூடுதல் பணம் உலர்ந்த பழம், தோல், புகையிலை போன்ற மெல்லிய வாசனைகளுக்கு. வத்தல் மிளகாய்க்கு முன்னால் அந்த வாசனைகள் தெரியவே தெரியாது. பணம் குழம்பில் கரைந்துபோகும்.

நம் ஊருக்கு ரியோஹாவில் இன்னொரு வசதி. முதிரவைக்கும் வேலையை ஒயின் ஆலையே முடித்து அனுப்புகிறது. 32, 33 டிகிரி அடிக்கும் கோலாலம்பூரில் பாட்டிலை வருடக்கணக்கில் வீட்டில் வைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை. வாங்கிய வாரமே திறக்கலாம்.

குறை என்று பார்த்தால், பெரிய பழச்சுவையை எதிர்பார்ப்பவர்களுக்கு இது மெலிதாகத் தெரியும். எங்களோடு உட்கார்ந்த பக்கத்து வீட்டு நண்பர் முதல் வாயிலேயே "ரொம்ப அமைதியா இருக்கே" என்றார். பெரட்டல் வந்த பிறகு அதைத் திரும்பிச் சொல்லவில்லை.

## பரோசா ஷிராஸ்

தென் ஆஸ்திரேலியாவில், அடிலெய்டு நகருக்கு வடகிழக்கே உள்ள பள்ளத்தாக்கு பரோசா. 1840-களில் ஐரோப்பாவின் சைலீசியாவிலிருந்து சமயக் காரணங்களால் வெளியேறிய லூத்தரன் குடும்பங்கள் குடியேறிய இடம். பிரான்சை அழித்த அந்த வேர்ப்பூச்சி தென் ஆஸ்திரேலியாவுக்கு வந்ததே இல்லை. அதனால் 1843-இல் நட்ட ஷிராஸ் கொடிகள் இன்றும் காய்க்கின்றன.

ஷிராஸ் என்ற பெயரை வைத்துப் பாரசீக நகரத்தோடு கதை கட்டுவார்கள். 1998-இல் மரபணுச் சோதனை அதை முடித்துவைத்தது. இதன் பெற்றோர் துரேசா, மோந்தூஸ் பிளாஞ்ச் என்ற இரண்டு திராட்சைகள். இரண்டும் தென்கிழக்குப் பிரான்சைச் சேர்ந்தவை. பிரான்சில் இதன் பெயர் சிரா.

ஓக் விஷயத்தில் பரோசாவுக்கும் அமெரிக்க மரத்தோடு பழைய உறவு. பென்ஃபோல்ட்ஸ் ஆலையில் மேக்ஸ் ஷூபர்ட் 1951-இல் சோதனையாகச் செய்த கிரேஞ்ச், புதிய அமெரிக்க ஓக் பீப்பாயில் ஷிராஸை வைத்துப் பிறந்தது. நிர்வாகம் 1957-இல் நிறுத்தச் சொன்ன பிறகும் அவர் மறைவாகத் தொடர்ந்து செய்தார். இன்று அது ஆஸ்திரேலியாவின் மிகப் புகழ்பெற்ற ஒயின். நாம் வாங்கும் சாதாரணப் பரோசா பாட்டில் பலவற்றில் அந்த வழியின் வாசனை இருக்கும்: கருமையான பழம், சாக்லேட், வெண்ணிலா, தேங்காய்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி மிளகைப் பற்றியது. ஷிராஸில் மிளகு வாசனை வருகிறது என்று காலங்காலமாகச் சொல்லிவந்தார்கள். அதற்குக் காரணமான ரொட்டுண்டோன் என்ற பொருளை ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனம் 2008-இல் கண்டறிந்து வெளியிட்டது. அதே பொருள்தான் நம் கறுப்பு மிளகிலும் இருக்கிறது. போல இருக்கிறது என்பது வேறு, அதுவே இருக்கிறது என்பது வேறு. ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசனை மூக்கிலேயே ஏறாது என்பதும் அந்த ஆராய்ச்சியில் தெரிந்தது. ஆகவே மேசையில் ஒருவர் "மிளகா? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றால் அவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

போர்த்துகீசியர் மிளகாயைக் கொண்டுவரும் முன் நம் சமையலின் காரம் மிளகுதான். மிளகு தூக்கலாக, மிளகாய் குறைவாகச் செய்த மட்டன் மிளகு வறுவலுக்குப் பக்கத்தில் ஷிராஸை வைத்தால், எது சட்டியிலிருந்து வருகிறது, எது கோப்பையிலிருந்து வருகிறது என்று பிரிக்க முடியாது. ஒரு விவரம் மட்டும் கவனிக்க வேண்டும். ரொட்டுண்டோன் குளிர்ந்த இடத்துத் திராட்சையில்தான் அதிகம். வெயில் ஊரான பரோசாவில் பழமே முன்னால் நிற்கும். மிளகுக்காக வாங்குவதென்றால் விக்டோரியா மாநிலத்துக் குளிர்ப் பகுதி ஷிராஸையோ, பிரான்சின் வட ரோன் பள்ளத்தாக்கு சிராவையோ தேடுங்கள்.

வத்தல் மிளகாய் போட்ட எங்கள் பெரட்டலோடு பரோசா தோற்றது. முதல் வாய் பிரமாதம். மூன்றாவது வாயில் காது சூடானது. பாட்டிலில் 15 சதவிகிதம் என்று இருந்தது.

மறைந்திருக்கும் செலவும் அந்த எண்ணில்தான். 750 மில்லி பாட்டிலில் 13 சதவிகிதம் என்றால் 97.5 மில்லி சுத்த ஆல்கஹால். 15 சதவிகிதம் என்றால் 112.5 மில்லி. வரி ஆல்கஹாலுக்கு என்பதால் அந்த 15 மில்லிக்கும் சேர்த்துக் கட்டுகிறோம். விருந்து முடிந்து காடி ஓட்டுபவருக்கு அதே 15 மில்லி வேறு கணக்கு. 2020-இல் சட்டம் திருத்தப்பட்டு, இரத்தத்தில் அனுமதிக்கும் அளவு 100 மில்லிக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைந்துவிட்டது. என்னைக் கேட்டால் ஓட்டுபவர் குடிக்கவே வேண்டாம்.

ஒரு நல்லது: ஆஸ்திரேலிய பாட்டில்கள் பலவற்றுக்குத் தக்கைக்குப் பதில் திருகு மூடி. நம் சூட்டில் அது நம்பகமானது, மிச்சத்தை மூடிவைப்பதும் எளிது.

## மெண்டோசா மால்பெக்

பிறந்த ஊர் தென்மேற்குப் பிரான்ஸ், கஓர் வட்டாரம். 1853-இல் மிஷேல் பூஷே என்ற பிரெஞ்சு வேளாண் அறிஞர் அர்ஜென்டினாவில் அமைத்த பண்ணை வழியாக அங்கே வந்தது. இன்று உலகம் மால்பெக் என்றால் ஆண்டீஸ் மலையடிவாரத்து மெண்டோசாவைத்தான் நினைக்கிறது. தோட்டங்களில் பல கடல் மட்டத்துக்கு 1,000 மீட்டருக்கு மேல், நம் கேமரன் மலையின் உயரத்தில். பகல் வெயில் பழத்தைப் பழுக்கவைக்கும், இரவுக் குளிர் புளிப்பைக் காப்பாற்றும்.

நிறம் மை போல இருக்கும். பார்த்துப் பயப்பட வேண்டாம், துவர்ப்பு மிருதுவானது. சிவப்பு ஒயின் அதிகம் பழகாத ஒருவர் வீட்டில் இருந்தால் அவருக்கு முதலில் இதையே ஊற்றுவேன். எங்கள் நால்வரில் ஒயின் அரிதாகவே குடிக்கும் பக்கத்து வீட்டு அக்கா இதைத்தான் கடைசிவரை வைத்திருந்தார்.

கரியில் வாட்டிய இறைச்சியோடு நன்றாகப் போகும். சாத்தே, தந்தூரி, கரியில் சுட்ட ஆட்டு விலா. பெரட்டலோடு குறை சொல்ல முடியாது, ஆனால் இரண்டும் பேசிக்கொள்ளவும் இல்லை. பழச்சுவை ஒரு பக்கம், மசாலா ஒரு பக்கம். இனிப்பு ஏறிய பழம் சில பாட்டில்களில் ஜாம் போல ஆகிவிடும். அப்படிப்பட்டதை ஒரு கோப்பைக்கு மேல் குடிக்க முடிவதில்லை. பெரியப்பாவைப் போல ஓக் வாசனை தேடுபவருக்கு வாங்கினால், ஓக்கில் வைத்தது என்று பின்பக்கம் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓக் படாத மால்பெக்கும் கடையில் நிறைய.

## கேபர்னே சோவினியோன்

நம்மவர் அதிகம் வாங்குவது இதுதான். பெயர் தெரியும், சிலி நாட்டுப் பாட்டில் எங்கும் கிடைக்கும், விலையும் பரவாயில்லை. கேபர்னே பிராங்கும் சோவினியோன் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சையும் தோட்டத்தில் தானாகக் கலந்து பிறந்த பிள்ளை இது என்று கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 1990-களில் மரபணு வழியாகக் கண்டார்கள். சொந்த ஊர் போர்டோ. பழம் சிறிது, தோல் தடிப்பு, விதையும் பெரிது. அதனால் நான்கிலும் துவர்ப்பு அதிகம் இதற்குத்தான்.

காரத்தோடு இது ஒத்துப்போகவில்லை. பெரட்டலை விழுங்கிய வாயில் ஒயின் கசந்தது, ஓக் மரப்பலகையை நக்கியது போல் தனியாக நின்றது. ஒயின் மோசமில்லை. அடுத்த நாள் மிச்சத்தை உப்பும் ரோஸ்மேரியும் மட்டும் போட்டு வாட்டிய ஆட்டுத் தொடையோடு குடித்தேன், அருமையாக இருந்தது. கொழுப்பும் உப்பும் டானினை அடக்கிவிட்டன, நடுவில் மிளகாய் இல்லை. கிறிஸ்துமஸ் ரோஸ்ட் செய்யும் வீடுகளுக்கு இந்த நான்கில் இதுதான் முதல் தேர்வு. பரிசாகக் கொடுப்பதற்கும் சரி. வாங்குபவர் பெயரைப் பார்த்ததும் மகிழ்வார்.

மறைந்த செலவு காலம். விலை உயர்ந்த போர்டோ ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினால் அதன் டானின் அடங்கப் பத்து வருடம்கூட ஆகலாம். அதுவரை 12, 14 டிகிரியில் வைக்க ஒயின் குளிர்பெட்டி, அதற்கு மின்கட்டணம். சிலி பாட்டிலில் ரெசர்வா என்று எழுதியிருந்தால் ஸ்பெயின் கணக்கை அதில் பொருத்தாதீர்கள். அங்கே அந்தச் சொல் வருடக்கணக்கைச் சொல்வதில்லை.

## ஒரே பார்வையில்

| | ரியோஹா கிரியான்சா | பரோசா ஷிராஸ் | மெண்டோசா மால்பெக் | கேபர்னே சோவினியோன் |
|---|---|---|---|---|
| துவர்ப்பு | நடுத்தரம் | நடுத்தரத்துக்கு மேல், பழம் மூடிவிடும் | மிருது | அதிகம் |
| வழக்கமான ஆல்கஹால் | 13.5–14 | 14–15 | 13.5–14.5 | 13–14.5 |
| ஓக் வாசனை | தேங்காய், வெண்ணிலா | வெண்ணிலா, சாக்லேட், தேங்காய் | அடக்கம்; சிலவற்றில் இல்லவே இல்லை | கிராம்பு, தேவதாரு, புகை |
| மிளகாய்க் காரத்தோடு | நான்கில் சிறந்தது | எரிச்சலைக் கூட்டும் | சமாளிக்கும் | வேண்டாம் |
| சேர்ந்து போகும் உணவு | மட்டன் பெரட்டல், தேங்காய்ப்பால் குருமா | மிளகு வறுவல் | சாத்தே, தந்தூரி | ஆட்டுத் தொடை ரோஸ்ட் |
| தெரியாத செலவு | பச்சை முத்திரையை மாற்றி எடுப்பது | கூடுதல் வரி, கூடுதல் போதை | ஓக் இல்லாததை எடுத்துவிடுவது | முதிரவைக்கும் காலமும் குளிர்பெட்டியும் |

## எந்தச் சிவப்பும் வேண்டாத சட்டிகள்

மீன் தலைக் கறிக்கும் அசாம் லக்சாவுக்கும் இந்த நான்கில் எதையும் திறக்காதீர்கள். சிவப்பு ஒயினில் உள்ள இரும்புச் சத்து மீனோடு சேர்ந்து வாயில் பச்சை மீன் நாற்றத்தைக் கிளப்புகிறது என்று 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அசாம் லக்சாவில் கானாங்கெளுத்தி, புளி, மிளகாய், ஹேகோ என்ற இறால் விழுது என்று எல்லா எதிரிகளும் ஒரே கிண்ணத்தில் இருக்கிறார்கள். ரசத்துக்கும் அதே பதில். வாழையிலைச் சாப்பாட்டில் வறுவல் மட்டும் ஒயினோடு போகும், மற்றவற்றுக்கு மோர் இருக்கிறது. தவிர வாழையிலைக் கடைகளில் பெரும்பாலும் மதுவுக்கு இடமில்லை. வேறு உணவகத்துக்குச் சொந்த பாட்டில் கொண்டுபோவதென்றால் திறப்புக் கட்டணம் எவ்வளவு என்று முன்கூட்டியே கேளுங்கள். சில இடங்களில் அது பாட்டில் விலையைத் தொட்டுவிடும்.

## சூடு

எதை வாங்கினாலும் நம் ஊரில் அதைக் கெடுப்பது வெயில். சிவப்பு ஒயினை அறையின் சூட்டில் பரிமாறு என்ற பழைய வாக்கு ஐரோப்பாவின் குளிர்ந்த வீடுகளுக்குச் சொன்னது. வேண்டியது 16 முதல் 18 டிகிரி. 30 டிகிரியில் ஊற்றினால் ஆல்கஹால் மூக்கில் ஏறும், ஓக் வாசனை திகட்டும். சாப்பிடும் முன் ஐஸ்பெட்டியில் அரை மணி நேரம், அல்லது ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் 15 நிமிடம் வையுங்கள். நான்கில் எதை வாங்குவது என்பதைவிட இது பெரிய வேறுபாட்டைக் காட்டும் என்று அன்று எங்களுக்கே தெரிந்தது. மால்பெக்கை முதலில் அப்படியே ஊற்றினோம், பிறகு குளிரவைத்து ஊற்றினோம். இரண்டும் ஒரே பாட்டில் என்று அக்கா நம்பவில்லை.

ஒருமுறை ஒரு கடையில், வெயில் படும் கண்ணாடி ஓரம் நிற்கவைத்திருந்த ரெசர்வா ஒன்றைத் தள்ளுபடியில் வாங்கினேன். வீட்டில் வந்து பார்த்தால் தக்கை மேலே தள்ளிக்கொண்டு நின்றது. உள்ளே வெந்த பழத்தின் வாசனை. மனம் வலித்தது. அதிலிருந்து தக்கை பாட்டில் வாயோடு சமமாக இருக்கிறதா என்று தடவிப் பார்க்காமல் வாங்குவதில்லை. வாங்கியதைக் காடியின் பின்பெட்டியில் போட்டுவிட்டு இன்னும் நான்கு இடம் சுற்றுவதும் இல்லை.

லங்காவியில் வரியில்லாமல் வாங்கலாமே என்று பினாங்குக்காரர்கள் கேட்பார்கள். அங்கே குறைந்தது 48 மணி நேரம் தங்கியிருக்க வேண்டும், ஆளுக்கு 1 லிட்டர்தான். 750 மில்லி பாட்டில் ஒன்றோடு கணக்கு முடிந்துவிடும். அதை விலை உயர்ந்த ரெசர்வாவுக்கோ போர்டோவுக்கோ பயன்படுத்துங்கள்.

திறந்த இல்ல உபசரிப்பு நடக்கும் பகல் வேளையில் ஒயினை மேசையில் வைக்க வேண்டாம் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். மலாய் நண்பர்கள் குடும்பத்தோடு வந்து நிம்மதியாக உட்கார்ந்து முறுக்கு சாப்பிட வேண்டும். ஒயின் இரவில், குடும்பத்துக்குள். அப்போதும் 21 வயது ஆகாத பிள்ளைகளுக்கு ஊற்றுவதில்லை.

## மச்சான் வாங்கியது

கிரியான்சா இரண்டு. பெரட்டலுக்கும் கோழிக் குருமாவுக்கும் அது போதும் என்றேன். பெரியப்பாவுக்கு மிளகு வறுவலும் பிடிக்கும் என்று தங்கை சொன்னதால் விக்டோரியா ஷிராஸ் ஒன்று, 14 சதவிகிதத்துக்குள் பார்த்து எடுக்கச் சொன்னேன். கேபர்னேயை விட்டுவிட்டார். மால்பெக்கை விட மனமில்லாமல் அதையும் எடுத்துக்கொண்டார், டிசம்பரில் சாத்தே போடும்போது திறக்கிறாராம்.

தீபாவளி மறுநாள் காலை தங்கை அழைத்தாள். கிரியான்சா இரண்டும் காலி. ஷிராஸில் கால் பாட்டில் மிச்சம். மூடியைத் திருகி ஐஸ்பெட்டியில் வை, மூன்று நாள் தாங்கும் என்றேன். "மூணு நாளா? பெரியப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு இருக்கார் அண்ணே, வறுவலைச் சூடு பண்ணச் சொல்லிட்டார்" என்றாள்.